டிராக் நம்பாத கணக்கு

குவாண்டம் இயற்பியல் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் ஐந்தாறு உண்டு. பிளாங்க், ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக். கல்லூரிப் பாடப் புத்தகம் ஏறக்குறைய இவர்களோடு முடிந்துவிடும். ஜோசே என்ரீக்கே மோயல் என்ற பெயர் அதில் அநேகமாக இருக்காது. ஆனால் கொஞ்சம் மேலே போய் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்ட ஆரம்பித்தால் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். மோயல் பெருக்கல், மோயல் அடைப்பு, கிராமர்ஸ்-மோயல் விரிவு, மோயல் பரவல். நான்கும் ஒரே மனிதரின் பெயரால் வந்தவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மோயல் வாழ்நாள் முழுக்க குவாண்டம் இயற்பியலில் உட்கார்ந்திருந்தவர் அல்ல. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குவாண்டம் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை அச்சில் பார்ப்பதற்கும் அவர் பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், அந்தக் கணக்கை நம்பாதவர் சாதாரண ஆள் இல்லை. பால் டிராக்!

மோயல் பிறந்தது 1910-இல், ஜெருசலேமில். அப்போது அந்த ஊர் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. டெல் அவிவில் பள்ளிப் படிப்பு. பிறகு பிரான்சுக்குப் போய் மின் பொறியியல் படித்தார். அதோடு நிறுத்தாமல் பாரிசில் புள்ளியியலும் படித்தார். இந்தப் புள்ளியியல் படிப்புதான் பின்னால் எல்லாவற்றுக்கும் விதை.

1940-இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது மோயல் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வேலை கிடைத்தது ஒரு விமானக் கம்பெனியில். லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் இருந்த டி ஹாவிலண்ட். மரத்தால் செய்த 'மாஸ்கிட்டோ' போர் விமானத்துக்குப் பேர் போன கம்பெனி. மோயலுக்கு அங்கே விமானங்களின் அதிர்வு பற்றிய ஆராய்ச்சி. பகலெல்லாம் இறக்கையும் எஞ்சினும் எப்படி நடுங்குகின்றன என்று பார்ப்பார். மீதி நேரத்தில் அவருடைய மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு விஷயம். குவாண்டம் இயக்கவியலை முழுக்க முழுக்கப் புள்ளியியலாக எழுத முடியுமா?

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரிய கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

நியூட்டனின் இயற்பியலில் ஒரு பொருளைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு உந்தத்தோடு போகிறது. இடம், உந்தம் இரண்டும் வெறும் எண்கள். இடத்தை உந்தத்தால் பெருக்கினாலும், உந்தத்தை இடத்தால் பெருக்கினாலும் ஒரே விடை. மூவைந்து பதினைந்து, ஐம்மூன்றும் பதினைந்து.

குவாண்டம் உலகத்தில் இது நடக்காது. அங்கே இடமும் உந்தமும் எண்கள் அல்ல, செயல்கள். செயல் என்று வந்துவிட்டால் வரிசை முக்கியம். இட்லி மாவைப் புளிக்கவைத்து வேகவைப்பதும், வேகவைத்துவிட்டுப் புளிக்கவைப்பதும் ஒன்றா? இடத்தையும் உந்தத்தையும் ஒரு வரிசையில் பெருக்கி, எதிர் வரிசையில் பெருக்கியதைக் கழித்தால் பூச்சியம் வராது. பிளாங்க் மாறிலியோடு ஒரு கற்பனை எண் சேர்ந்த சின்ன மிச்சம் வரும். அந்த மிச்சத்தில்தான் முழுக் குவாண்டம் இயற்பியலும் இருக்கிறது.

இப்போது பழைய நியூட்டன் சூத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைக் குவாண்டம் சூத்திரமாக மாற்ற வேண்டும். இதற்குத்தான் குவாண்டமாக்கல் என்று பெயர். பழைய சூத்திரத்தில் 'இடம் பெருக்கல் உந்தம்' என்று இருந்தால் புதியதில் எதை முதலில் எழுதுவது? பழைய சூத்திரம் இதற்குப் பதில் சொல்லாது. அதற்கு வரிசை என்ற கவலையே இல்லையே!

டிராக்கிடம் இதற்கு ஓர் அழகான வழி இருந்தது. அவரே பின்னால் சொன்ன கதை இது. 1925 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்க்கொண்டிருந்தபோது, குவாண்டம் உலகத்தின் அந்த மிச்சம், பழைய இயக்கவியலில் 'பாய்சான் அடைப்பு' என்ற ஒன்றின் சாயலில் இருக்கிறதே என்று பொறி தட்டியது. ஆனால் பாய்சான் அடைப்பு என்றால் சரியாக என்ன என்பது நினைவுக்கு வரவில்லை. கையில் இருந்த புத்தகங்களிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நூலகம் பூட்டியிருந்தது. இரவு முழுக்கத் தவித்து, மறுநாள் காலை நூலகம் திறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். பொருந்தியது. பழைய இயக்கவியலில் பாய்சான் அடைப்பு வரும் இடத்தில் குவாண்டத்தில் வரிசை மாற்றிய வித்தியாசத்தைப் போடு. இதுதான் டிராக்கின் விதி. அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 23.

பிறகு 1927-இல் ஹெர்மான் வெய்ல் என்ற கணித மேதை ஒரு வழி சொன்னார். எந்த வரிசைக்கும் சலுகை காட்டாமல் எல்லா வரிசையையும் சமமாகக் கலந்துவிடு என்பது அதன் சாரம். 1932-இல் யூஜின் விக்னர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார். ஒரு குவாண்டம் நிலையைக் கொடுத்தால், அதை இடமும் உந்தமும் சேர்ந்த ஒரு தளத்தின் மேல் வரைபடமாக, கிட்டத்தட்ட நிகழ்தகவு வரைபடம் போல, எழுதிக் காட்டினார். 'கிட்டத்தட்ட' என்று சொல்லக் காரணம் உண்டு. அந்த வரைபடம் சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். நிகழ்தகவு எதிர்ம எண்ணாக இருக்கலாமா? நாளை மழை பெய்ய வாய்ப்பு மைனஸ் இருபது சதவீதம் என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம்?

மோயல் இதே இடத்துக்கு முழுக்க வேறு வாசல் வழியாக வந்தார். அவர் புள்ளியியல்காரர். புள்ளியியலில் ஒரு பரவலைப் பிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. பரவலை நேராகத் தேடாமல் அதன் சிறப்பியல்புச் சார்பு என்ற ஒரு சராசரியைக் கணக்கிடுவது, பிறகு அதிலிருந்து பின்னோக்கி வந்து பரவலை எடுப்பது. மோயல் இந்தத் தந்திரத்தை இடம், உந்தம் என்ற குவாண்டம் ஜோடிக்குப் போட்டுப் பார்த்தார். வந்து நின்றது விக்னரின் வரைபடம்!

அதோடு விடவில்லை. பழைய இயக்கவியலில் இப்படிப்பட்ட பரவல் காலப்போக்கில் எப்படி மாறும் என்பதற்கு ஒரு சமன்பாடு உண்டு. அதில் வருவது பாய்சான் அடைப்பு. மோயல் குவாண்டம் பரவல் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டார். பாய்சான் அடைப்பு இருந்த இடத்தில் ஒரு புதிய அடைப்பு வந்தது. அதன் முதல் உறுப்பு அதே பாய்சான் அடைப்பு. அதற்குப் பின்னால் பிளாங்க் மாறிலியின் வர்க்கம், நான்காம் அடுக்கு என்று வால் போலத் திருத்தங்கள். பிளாங்க் மாறிலியைப் பூச்சியமாக்கினால் வால் முழுக்க உதிர்ந்து நியூட்டன் மிஞ்சுவார். இதைத்தான் இன்றைக்கு மோயல் அடைப்பு என்கிறார்கள்.

இதை யாரிடம் காட்டுவது? 1944-இல் மோயலுக்குப் பல்கலைக்கழக வேலை இல்லை. இயற்பியலில் பெயர் இல்லை. விமானக் கம்பெனி ஊழியர், போரில் ஒதுங்கிய அந்நிய நாட்டுக்காரர். அவருடைய கையெழுத்துப் பிரதி டிராக்கிடம் போய்ச் சேர்ந்தது. டிராக் அப்போது கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவியில் இருந்தார். 1933-இலேயே நோபல் வாங்கியவர்.

டிராக் பதில் எழுதினார். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பேசுவதற்கே கணக்குப் பார்ப்பவர் என்று பெயர் எடுத்த மனிதர், முன்பின் தெரியாத ஒரு பொறியாளருக்கு 1944 முதல் 1946 வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: இப்படி ஒரு பரவல் இருக்கவே முடியாது. இடத்தையும் உந்தத்தையும் கலந்து எழுதும் எல்லா அளவுகளுக்கும் சரியான சராசரியைத் தரும் ஒரே பரவல் சாத்தியம் இல்லை. ஏனென்றால் வரிசை மாறினால் சராசரியும் மாறும்.

மோயலின் பதில்: வரிசையை முதலிலேயே ஒரு விதிப்படி நிர்ணயித்துவிட்டால் பிரச்சினை இல்லை, தன் முறையே அந்த விதியைத் தருகிறது. டிராக் ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் போகும், வரும். மோயல் மரியாதை குறையாமல், ஆனால் பின்வாங்காமல் வாதாடினார். எதிரில் இருப்பவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். குவாண்டம் இயக்கவியலின் மொழியையே எழுதியவர், உன் இலக்கணம் தப்பு என்கிறார். பெரும்பாலானவர்கள் முதல் கடிதத்திலேயே பேனாவை மூடி வைத்திருப்பார்கள்.

டிராக் முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மோயல் ஆசைப்பட்டது குவாண்டம் இயக்கவியல் ஒரு சாதாரணப் புள்ளியியல் கொள்கை என்று காட்ட. கட்டுரையின் தலைப்பே 'ஒரு புள்ளியியல் கொள்கையாகக் குவாண்டம் இயக்கவியல்' என்பதுதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே போகும் ஒன்றைச் சாதாரண நிகழ்தகவு என்று சொல்ல முடியாது. அந்த அளவில் டிராக்கின் உள்ளுணர்வு சரி. ஆனால் 'இது நிகழ்தகவு அல்ல' என்பது வேறு, 'இந்தக் கணக்கு நிற்காது' என்பது வேறு. கணக்கு நின்றது. இன்னொரு விந்தை, டிராக்கே 1930-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு உறவான ஒரு கணக்கைத் தொட்டிருந்தார்.

மோயலுக்குத் துணையாக நின்றவர் எம். எஸ். பார்ட்லெட் என்ற புள்ளியியல் அறிஞர். அவர் 1945-இல் 'எதிர்ம நிகழ்தகவு' என்ற தலைப்பிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் கருத்தைக் கடைக் கணக்கு வைத்துச் சொல்லலாம். கல்லாப் பெட்டியில் மைனஸ் நூறு ரூபாய் இருக்க முடியாது. ஆனால் கணக்குப் பேரேட்டில் மைனஸ் நூறு தாராளமாக இருக்கலாம், கடைசியில் வரவு செலவு பார்க்கும்போது கூட்டல் சரியாக வந்தால் போதும். அதுபோல எதிர்ம நிகழ்தகவு கணக்கின் நடுவில் வந்து போகலாம், உண்மையில் அளந்து பார்க்கக்கூடிய விடையில் வராமல் இருந்தால் சரி.

இதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஹாலந்தில் இன்னொருவர் இதே கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். பெயர் குரோனெவோல்ட். அவரும் 1910-இல் பிறந்தவர். மோயலுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு மோயலைத் தெரியாது. 1946-இல் வெளியான அவருடைய ஆய்வேடு இரண்டு பெரிய வேலைகளைச் செய்தது.

முதலாவது, டிராக்கின் விதி எல்லா இடத்திலும் செல்லாது என்று நிரூபித்தது. இடம், உந்தம் இவற்றின் இரண்டாம் அடுக்கு வரை எந்தத் தகராறும் இல்லை. அதற்கு மேலே போனால் விதி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும். இடத்தின் வர்க்கத்தை உந்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிய சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பாய்சான் அடைப்பாக இரண்டு விதமாக எழுதலாம். நியூட்டன் உலகத்தில் இரண்டும் ஒன்றே. டிராக்கின் விதிப்படி இரண்டையும் குவாண்டத்துக்கு மாற்றினால் இரண்டு வேறு விடைகள் வரும். சுருக்கிய பிளாங்க் மாறிலியின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லும் விதி, விதி ஆகாது. 1951-இல் வான் ஹோவ் என்பவர் இந்த முடிவை இன்னும் விரிவாக்கினார்.

இரண்டாவது, அதற்கு மாற்று வழியையும் குரோனெவோல்ட் தந்தார். செயல்களே வேண்டாம், பழைய இடமும் உந்தமும் எண்களாகவே இருக்கட்டும், பெருக்கலை மட்டும் மாற்றிவிடு! இந்தப் புதிய பெருக்கலை நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். இடத்தை உந்தத்தால் இப்படிப் பெருக்கினால் சாதாரணப் பெருக்கலோடு மிச்சத்தில் பாதி கூடும். வரிசையை மாற்றிப் பெருக்கினால் பாதி குறையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த முழு மிச்சம். மோயலின் அடைப்பு இந்தப் பெருக்கலிலிருந்து நேராக வருவது. ஆகவே நியாயமாக இதைக் குரோனெவோல்ட்-மோயல் பெருக்கல் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'மோயல்' என்று மட்டும் சுருக்குபவர்களும் உண்டு.

போர் முடிந்ததும் மோயலுக்குக் கடைசியில் பல்கலைக்கழக வேலை கிடைத்தது. முதலில் பெல்ஃபாஸ்டில் கணித இயற்பியல் விரிவுரையாளர். பிறகு மான்செஸ்டரில், பார்ட்லெட்டின் துறையில், புள்ளியியல் விரிவுரையாளர். அந்தக் கட்டுரை 1947 நவம்பரில் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தின் ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பி வைத்தவர் பார்ட்லெட். டிராக் அல்ல. 1949-இல் அச்சில் வந்தது. இருபத்தாறு பக்கம். அதே வருடம் அதே இதழில் பார்ட்லெட்டும் மோயலும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை வந்தது. குவாண்டம் ஊசலுக்கு இந்த முறையில் கணக்குப் போட்டால் தோராயமாக அல்ல, துல்லியமாகவே விடை வருகிறது என்று அது காட்டியது. 'சரி, இதனால் என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அந்த வருடங்களில்தான் சென்னையிலிருந்து அல்லாடி ராமகிருஷ்ணன் மான்செஸ்டருக்குப் போய் அதே பார்ட்லெட்டிடம் ஆராய்ச்சி செய்தார். காஸ்மிக் கதிர்கள் பொழியும்போது துகள்கள் பல்கிப் பெருகுவதை நிகழ்தகவைக் கொண்டு கணக்கிட்ட ஆராய்ச்சி அது. 1962-இல் அவர் சென்னையில் தொடங்கியதுதான் தரமணியில் இருக்கும் மேட்சயின்ஸ் என்கிற கணித அறிவியல் நிறுவனம்.

கட்டுரை வந்த பிறகு உலகம் மோயலைத் தூக்கிக் கொண்டாடியதா? இல்லை. ஆரம்பத்தில் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் குறைவு. மோயலும் அதைப் பிடித்துக்கொண்டு புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த 'வேறு வேலை'யும் லேசுப்பட்டது அல்ல. அதே 1949-இல் நிகழ்தகவுச் செயல்முறைகளும் புள்ளியியல் இயற்பியலும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தாறுமாறாக அலையும் துகள்களின் கணக்கில் இன்றும் பயன்படும் கிராமர்ஸ்-மோயல் விரிவு அதன் வழியே வந்தது. 1950களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போய் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1955-இல், வேகமாகப் போகும் ஒரு மின்துகள் மெல்லிய பொருளைத் துளைத்துச் செல்லும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்பதற்கு ஒரு கையடக்கமான சூத்திரம் கொடுத்தார். அதுதான் மோயல் பரவல். பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்கள் சைபை தொகுப்பின் புள்ளியியல் பகுதியைத் திறந்து பார்த்தால் அவர் பெயரிலேயே அது உட்கார்ந்திருக்கும்.

1960களில் அமெரிக்காவில் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம். 1970களில் மறுபடி ஆஸ்திரேலியா. இந்த முறை சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மின் பொறியியல் படித்து, விமான அதிர்வைப் பார்த்து, இயற்பியலும் புள்ளியியலும் சொல்லிக்கொடுத்து, கடைசியில் கணிதப் பேராசிரியராக ஓய்வு பெற்ற மனிதர். இவரை எந்தத் துறையில் சேர்ப்பது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அவர் அலட்சியப்படுத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புள்ளியியல்காரர்களுக்கு அவர் இயற்பியல்காரர், இயற்பியல்காரர்களுக்கு அவர் புள்ளியியல்காரர்.

அவர் மெக்குவாரியில் இருந்த அந்தக் காலத்தில்தான், பூமியின் மறுபக்கத்தில், முப்பது வருடமாகத் தூங்கிக் கிடந்த கட்டுரை கண் விழித்தது. 1978-இல் பாயென், ஃப்ளாட்டோ, ஃப்ரான்ஸ்டல், லிஷ்னெரோவிச், ஸ்டெர்ன்ஹைமர் என்ற ஐவர் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். குவாண்டம் இயக்கவியல் என்பது நியூட்டன் இயக்கவியலைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஒன்றை வைப்பது அல்ல. அதே இயக்கவியலின் பெருக்கலைப் பிளாங்க் மாறிலி அளவுக்கு மெல்ல வளைப்பது. மோயலின் கணக்கு இந்த வளைப்புக்கு முதல் உதாரணம். இதற்கு வளைப்புக் குவாண்டமாக்கல் என்று பெயர் வைக்கலாம். அந்த இரண்டு கட்டுரைகளுக்குப் பிறகு அது கணிதத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

உடனே கணிதக்காரர்களுக்கு ஒரு கேள்வி. மோயலின் பெருக்கல் தட்டையான தளத்தில் நடப்பது. கோணல்மாணலான எந்த வெளியிலும், பாய்சான் அடைப்பு ஒன்று இருந்தால் போதும், இப்படி வளைக்க முடியுமா? சுமார் இருபது வருடம் இந்தக் கேள்வி முழுதாகத் தீராமல் கிடந்தது. 1997-இல் மாக்சிம் கொன்ட்செவிச் 'முடியும்' என்று நிரூபித்தார். எப்படிச் செய்வது என்பதற்குச் சூத்திரமும் தந்தார். 1998 ஆகஸ்டில் பெர்லினில் அவருக்குக் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. அவருடைய சாதனைகளில் ஒன்றாக இதுவும் சொல்லப்பட்டது. மோயல் அதற்கு மூன்று மாதம் முன்னால், 1998 மே மாதம், கான்பெராவில் காலமாகியிருந்தார்.

அந்தப் பூச்சியத்துக்குக் கீழே போகும் சமாச்சாரம் என்ன ஆயிற்று? அதன் கதைதான் இன்னும் ருசி.

1974-இல் ராபின் ஹட்சன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஒன்றைக் காட்டினார். ஒரு தூய குவாண்டம் நிலையின் விக்னர் வரைபடம் எங்குமே பூச்சியத்துக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்றால் அது காஸ் மணி வடிவ வகையாக இருந்தே ஆக வேண்டும். மற்ற தூய நிலைகள் அத்தனையும் எங்காவது கீழே இறங்கும். ஆக, எதிர்மம் என்பது அபூர்வமான கோளாறு அல்ல, அதுதான் வழக்கம். (இதே ஹட்சன்தான் பின்னால், 1984-இல், சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதியோடு சேர்ந்து குவாண்டம் நிகழ்தகவில் பெரிய வேலை செய்தவர்.)

1996-இல் அமெரிக்காவின் போல்டரில் டேவிட் வைன்லாந்தின் குழு ஒற்றை பெரிலியம் அயனியைப் பொறியில் பிடித்து வைத்து அதன் அசைவின் விக்னர் வரைபடத்தைச் சோதனை மூலம் எடுத்தது. நடுவில் பள்ளம். பூச்சியத்துக்குக் கீழே. அந்த எதிர்ம எண், அளவீடுகளிலிருந்து அப்படியே எழுந்து வந்தது. அப்போது மோயலுக்கு வயது 86. டிராக் 1984-இலேயே மறைந்துவிட்டார்.

2012-இல் இன்னொரு படி. குவாண்டம் கணினி பற்றிய ஆராய்ச்சியில், ஒரு கணக்கீட்டின் எல்லாப் படிகளிலும் விக்னர் வரைபடம் எதிர்மம் ஆகாமல் இருந்தால் அதைச் சாதாரணக் கணினியிலேயே திறமையாகச் செய்துகாட்டிவிடலாம் என்று நிரூபித்தார்கள். வேறு விதமாகச் சொன்னால், அந்த வகைக் கணக்கீடுகளில் குவாண்டம் கணினி சாதாரணக் கணினியை முந்த வேண்டுமானால் எங்காவது எதிர்மம் வந்தே தீர வேண்டும். எது குறை என்று ஒதுக்கப்பட்டதோ அதுவே சரக்கு என்று ஆகிவிட்டது.

மோயல் போட்ட கணக்கு நிலைத்தது. ஆனால் அவர் ஆசைப்பட்டது நடக்கவில்லை. குவாண்டத்தைச் சாதாரண நிகழ்தகவாக மாற்றிவிட வேண்டும் என்று கிளம்பினார். அது எவ்வளவு தூரம் முடியாது, எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்று துல்லியமாக அளக்கும் கருவியைச் செய்து வைத்துவிட்டுப் போனார். அந்த விதத்தில் வாதத்தில் டிராக்கும் தோற்கவில்லை, மோயலும் தோற்கவில்லை. தாமதம் மட்டும்தான் நஷ்டம். அந்த நஷ்டம் முழுக்க மோயலின் பக்கம் எழுதப்பட்டது.

அந்தக் கடிதங்கள் என்ன ஆயின? மோயலின் மனைவி ஆன் மோயல் ஆஸ்திரேலிய அறிவியல் வரலாற்றை எழுதியவர். கணவர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2006-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டு, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தது. டிராக்கும் மோயலும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதன் பின்னிணைப்பில் இருக்கின்றன. ஆன் மோயல் தன் கணவர் பக்கத்தை மட்டும் அச்சிடவில்லை, இரண்டு பக்கத்தையும் அச்சிட்டிருக்கிறார்.

கணக்குப் புரியாவிட்டாலும் அந்தக் கடிதங்களைப் படிக்கலாம். ஒருவர் முடியாது என்கிறார். இன்னொருவர், ஐயா, தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்கிறார். திரும்பத் திரும்ப.